பூச்சோங் நெரிசலை வெச்சு நான் என்னய்யா பண்றது?

காலையில தமிழ் ரேடியோவுல கோலாலம்பூர் (கே.எல்.) பக்கத்துப் போக்குவரத்துத் தகவல்: "ஃபெடரல் ஹைவேயில வாகனங்கள் மெதுவா நகருது. எல்.டி.பி. நெடுஞ்சாலையில பூச்சோங் பக்கம் ஒரு லோரி பழுதாகி நிக்குது. டூத்தா டோல் வழியா போறவங்க கொஞ்சம் சீக்கிரமாவே கிளம்பிடுங்க நேயர்களே!"

சரிம்மா, கிளம்பிடறோம். ஆனா நான் நிக்கிறது வடக்குல, பினாங்கு பெருநிலத்து ஜூருவுல. நிபோங் திபால்லேர்ந்து பேக்டரி வேன்ல ஆள் ஏத்திக்கிட்டு தீவுல இருக்கிற பாயான் லெப்பாஸுக்குப் போறேன். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் பிரேக் லைட்டு சிவப்பா எரியுது. எதுக்குன்னு தெரியாது. பத்து காவான் சந்திப்பைத் தாண்டறதுக்கு முந்தி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தீவுக்குப் போற ரெண்டாவது பாலத்துல திருப்பியிருப்பேன். பிள்ளைங்க ஷிப்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். லேட்டா போனா என்னையா வெட்டுறான்? வேன்ல பின்னாடி தூங்கிக்கிட்டு வர்ற அந்தப் பிள்ளைங்களோட வருகை அலவன்ஸைத்தான் வெட்டுறான். இந்த ஒரு தகவலுக்காக ரேடியோவைத் திறந்து வெச்சா, முந்நூத்தம்பது கிலோமீட்டர் தள்ளி பூச்சோங்ல எவனோ ஒருத்தன் லோரி நின்னு போன கதையை எனக்குச் சொல்றாங்க.

எந்த ரேடியோன்னு பேர் சொல்ல மாட்டேன். வடக்குல தமிழ் ரேடியோ கேக்கிறவங்களுக்கு நான் பேர் சொல்லணும்னு அவசியமும் இல்ல.

போக்குவரத்தை விடுங்க. செய்தின்னு ஒண்ணு வாசிக்கிறாங்களே, அதை எடுத்துக்குவோம். புத்ராஜெயாவுல அமைச்சர் பேசினாரு. சரி, நாட்டு நடப்பு, வேணும். அடுத்தது சென்னையில யாரோ கட்சி மாறிட்டாரு. அடுத்தது ஒரு நடிகர் படத்தோட வசூல். அப்புறம் விளையாட்டு, வானிலை, முடிஞ்சுது. வானிலையிலயாவது எங்களைச் சேர்ப்பாங்கன்னு பார்த்தா "தீபகற்பத்தின் வட மாநிலங்களில் ஆங்காங்கே இடியுடன் மழை"ங்கிறாங்க. ஆங்காங்கேன்னா எங்கேப்பா? பினாங்குல மட்டும் 28 தமிழ்ப்பள்ளி இருக்கு. அதுல ஒரு பள்ளிக்கூடத்துச் செய்தி, ஒரு பி.ஐ.பி.ஜி. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டம், ஒரு பிள்ளை மாநில அளவுல ஓடி ஜெயிச்சுது, ஏதாவது ஒண்ணு வருஷத்துக்கு எத்தனை தடவை உங்க வாயில வந்திருக்கு? விளம்பரத்தைக் கேட்டா இன்னும் கடுப்பு. ஜாலான் மஸ்ஜித் இந்தியா நகைக்கடை, கிள்ளான் டியூஷன் சென்டர், செந்தூல் கேட்டரிங், எல்லாம் கே.எல். பக்கத்து விளம்பரம். நான் கேட்டரிங் சொல்லிட்டு செந்தூல்லேர்ந்து சோறு வர்றவரைக்கும் காத்திருக்கணுமா?

போன் பண்ணிப் பேசற நிகழ்ச்சியில எங்க வேன்ல வர்ற அக்கா ஒருத்தங்க ஒருநாள் லைன்ல மாட்டினாங்க. வேன்ல எல்லாருக்கும் ஒரே குஷி. அவங்க பிறையில வாடகை வீட்டுப் பிரச்சனை, லிப்ட் பழுதாகியே கிடக்கு, வயசானவங்க ஏறி இறங்க முடியலன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அறிவிப்பாளர் என்ன கேட்டாரு தெரியுமா? "ஓ, பினாங்கா! நாசி கண்டார் சாப்டாச்சா அக்கா?" அக்கா பாவம், "சாப்டேன் தம்பி"ன்னு சிரிச்சிட்டு பாட்டு கேட்டுட்டு வெச்சிட்டாங்க. லிப்ட் அப்படியே நிக்குது. நாசி கண்டார், தைப்பூசம், இந்த ரெண்டுக்கு மேல பினாங்குல மனுஷன் வாழறதா அவங்களுக்கு நினைப்பே கிடையாது.

அறிவிப்பாளர் பிள்ளைங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நல்லா பேசுதுங்க, விடியக்காலையில எழுந்து வந்து கலகலன்னு ஓட்டுதுங்க. மேல உட்கார்ந்துக்கிட்டு "தேசிய ஒலிபரப்பு"ன்னு கே.எல்.லை மட்டும் தேசமா நினைக்கிறாங்களே, அவங்க மேலதான்.

இது வெறும் நெரிசல் விஷயம்னு நினைச்சிடாதீங்க. 2017 நவம்பர் 4, சனிக்கிழமை. பேய்மழை, புயல்காத்து. விடியறதுக்குள்ள தீவும், பெருநிலத்து செபராங் பிறையும் தண்ணிக்குள்ள. ராணுவத்தை உதவிக்குக் கூப்பிடற நிலைமை. ஏழு பேர் செத்தாங்க. அந்த ராத்திரி கரண்டு போயி, போன்ல பேட்டரி சொட்டு சொட்டா இறங்கிக்கிட்டு இருக்கு. எங்க அம்மா பேட்டரி ரேடியோவை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. கூடத்துல தண்ணி கணுக்கால் அளவு, நாற்காலி மேல காலைத் தூக்கி வெச்சிருக்காங்க. எந்த ரோடு மூடியிருக்கு, எந்தப் பள்ளிக்கூடத்துல தங்க இடம் கொடுக்கிறாங்க, எந்த நம்பருக்கு அடிக்கணும், இதைத் தமிழ்ல யாராவது சொல்லுவாங்கன்னு முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாங்க. ரேடியோவுல பாட்டு ஓடுது. பாட்டுக்கு நடுவுல முன்கூட்டியே பதிவு பண்ணி வெச்ச குரல் ஒண்ணு, ஒரு நடிகைக்குப் பிடிச்ச ஐஸ்கிரீம் எதுன்னு சொல்லுது. அம்மா ரேடியோவை அணைச்சிட்டு "இவனுங்களுக்கு நம்ம செத்தாத்தான் தெரியும்"னாங்க. நான் என்னத்தைச் சொல்ல?

அதுல பாடம் படிச்சாங்களா? 2024 ஜனவரி 10ஆம் தேதியிலேர்ந்து நாலு நாளுக்குத் தண்ணி வெட்டு. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துல பெரிய வால்வு மாத்தற வேலை. பினாங்கு குடிக்கிற தண்ணியில பெரும்பங்கு அங்கேர்ந்துதான் வருது, அதனால தீவு, பெருநிலம் ரெண்டும் காய்ஞ்சுது. முன்னாடியே அறிவிச்ச வேலைதான், திடீர்னு நடந்த விபத்து இல்ல. மலாய்ல சொன்னாங்க, சீனத்துல சொன்னாங்க, ஆங்கிலத்துல சொன்னாங்க. தமிழ் ரேடியோவுல ஒரே ஒரு வரி, அதுவும் தேசியச் செய்தியோட வால்ல. எந்த வட்டாரத்துக்கு எப்போ திரும்ப வரும், தண்ணி லோரி எங்க நிக்கும்னு எங்க தாமான் கிழவிங்களுக்கு விளக்கிச் சொன்னது எதிர்வீட்டு சீனத்து அங்கிள்தான், அவருக்குத் தெரிஞ்ச பாசார் மலாய்ல. அந்த மனுஷனுக்கு இருக்கிற அக்கறை, எங்க மொழியில நாள் பூரா பேசற நிலையத்துக்கு இல்ல.

"அண்ணே, போன்ல எல்லாம் வருதே, வாட்ஸ்அப் குரூப் இருக்கே"ன்னு வேன்ல வர்ற பொடியன் சொல்றான். வருது லா. எது நிஜம், எது போன வருஷத்து வீடியோன்னு யாருக்குத் தெரியும்? பாலம் மூடிட்டாங்கன்னு ஒரு வதந்தி கிளம்பினா போதும், அது வேன் பூரா சுத்தி வந்துடும். அதுவும் ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கிறவன் வாட்ஸ்அப் பார்த்துக்கிட்டே ஓட்டணுமா? எனக்குக் காதுதான் சும்மா இருக்கு. அம்மா மாதிரி ஆளுங்களுக்குப் போனுன்னா பச்சை பட்டனை அமுக்கறதோட சரி. இவங்களுக்காகத்தானே ரேடியோவே!

"வடக்குக்குன்னு தனியா செய்தி போட முடியாதுங்க, ஒரே ஒலிபரப்புங்க"ன்னு ஒரு சாக்கு வேற. யாருக்கு காது குத்தறீங்க? எஃப்.எம். அலை நேர்க்கோட்டுல போறது. கே.எல்.லேர்ந்து அடிச்சா பினாங்குக்கு வந்து சேராது. அதனாலதான் கெடாவுல 1,217 மீட்டர் உயரத்துல நிக்கிற குனோங் ஜெராய் மாதிரி மலை உச்சிகள்ல தனி டிரான்ஸ்மிட்டர், தனி அலைவரிசை. ஊர் மாறினா நம்பரை மாத்தறோமே, அது இதுக்குத்தான். தனி டிரான்ஸ்மிட்டர் இருந்தா, மத்த ஊருக்கு ஒண்ணு ஓடும்போது இந்தப் பக்கத்துக்குப் பத்து நிமிஷம் வேற ஒண்ணு ஓட்டலாம். உலகத்துல பல நாட்டுல காலங்காலமா செய்யறதுதான். இங்கேயே மலாய்ல பினாங்குக்கு முத்தியாரா எஃப்.எம்., கெடாவுக்கு கெடா எஃப்.எம்., பேராக்குக்கு பேராக் எஃப்.எம்.னு மாநிலத்துக்கு ஒரு ரேடியோ இருக்கு. தமிழுக்குத் தனி நிலையம் வேணும்னு நான் கேக்கல, அந்த ஆசையெல்லாம் எப்பவோ போச்சு. பத்தே நிமிஷம்.

இன்னொண்ணு சொன்னா இன்னும் வயிறெரியும். 1934ல இதே பினாங்குல, ரேடியோ ஆர்வலர்கள் ஒரு சங்கமா சேர்ந்து இசட்.எச்.ஜே.ன்னு ஒரு நிலையம் நடத்தினாங்க, சங்கத்துக்கு பினாங்கு வயர்லெஸ் சொசைட்டின்னு பேரு. ஆங்கிலம், மலாய், சீனத்தோட தமிழ்லயும் நிகழ்ச்சி போட்டாங்க. சுதந்திரத்துக்கு இருபது வருஷத்துக்கு மேல முந்தி! பொழுதுபோக்குக்குக் கூடின ஆளுங்களுக்குத் தோணினது, இத்தனை ஸ்டூடியோவும் ஸ்பான்சரும் வெச்சிருக்கிற உங்களுக்குத் தோணலையா?

எங்க பக்கத்துக் கோயில் கமிட்டியில ரத்த தான முகாம் நடத்தினோம். அறிவிப்பு கொடுங்கன்னு நிலையத்துக்கு எழுதினேன். விளம்பரப் பிரிவைத் தொடர்புகொள்ளச் சொல்லி பதில் வந்துச்சு. ரத்தம் கொடுக்க வாங்கன்னு கூப்பிடறதுக்கு விளம்பரக் கட்டணமா? அதே பதிலுக்குக் கீழே, இந்த வாரப் போட்டியில கலந்துக்கிட்டு ஐநூறு வெள்ளி ஜெயிக்கலாம்னு போட்டிருந்துச்சு.

இப்போ முத்தியாரா எல்.ஆர்.டி. வேலை வேற நடக்குது. தீவுலேர்ந்து கடலைத் தாண்டி பினாங்கு சென்ட்ரலுக்கு வரப் போற ரயில். எந்த ரோட்டை எப்போ அடைப்பாங்க, எந்த வழியில திருப்புவாங்கன்னு வருஷக்கணக்கா மாறிக்கிட்டே இருக்கப் போகுது. அதையாவது காலையில ஒரு பயல் பினாங்குல நின்னு பார்த்துச் சொல்லுவானா? சம்பளத்துக்கு ஆள் இல்லன்னா வேன் ஓட்டறவங்க நாங்களே ஓசியில சொல்றோம், லைன் கொடுங்க. நாசி கண்டாரைப் பத்தி மட்டும் கேக்காதீங்க.

அடுத்த தைப்பூசத்துக்கு எப்படியும் வருவாங்க. தண்ணீர்மலை அடிவாரத்துல கூடாரம், பெரிய ஸ்பீக்கர், பேனர், "வணக்கம் பினாங்கு!"ன்னு ஒரே சத்தம். தங்க ரதம் வந்துச்சா, வெள்ளி ரதம் எங்க வருதுன்னு அன்னிக்கு மட்டும் நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லத் தெரியும். மைக்கை என் பக்கமும் நீட்டுவாங்க. நீட்டட்டும். பிறை வாடகை வீட்டு லிப்ட்டை எப்போ சரிபண்ணுவாங்கன்னு நேரலையிலயே கேக்கப் போறேன்.