இத்தாலியில் யாரும் அரசியல் சட்டத்தை மீறவில்லை

அக்டோபர் கடைசி வந்தால் முசோலினியின் பாசிஸ்ட் கருஞ்சட்டைக்காரர்கள் ரோம் நகரில் அணிவகுத்துப் போகும் அந்தப் பழைய படத்தை யாராவது பகிர்ந்துவிடுகிறார்கள். கீழே 'முசோலினி ஆட்சியைக் கைப்பற்றிய நாள்' என்று ஒரு வரி. அந்த அணிவகுப்பு நடந்தது 1922 அக்டோபர் 31. முசோலினியிடம் மன்னர் பொறுப்பை ஒப்படைத்தது அதற்கு முந்தைய நாள். வேலை கிடைத்த பிறகு நடத்திய ஊர்வலம் அது. அவருடைய ஆட்கள் ரோமுக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டு கிடந்தபோது தலைவர் பத்திரமாக மிலானில் இருந்தார். அரண்மனையிலிருந்து அழைப்பு வந்த பிறகுதான் இரவு ரயிலேறி வந்து இறங்கினார். (முசோலினி ஆட்சியில்தான் ரயில்கள் நேரத்துக்கு ஓடின என்று இன்னமும் சொல்பவர்கள் கவனிக்க: இந்த ரயிலை ஓட்டியது பழைய அரசாங்கம்.)

என் கருத்து இதுதான்: அவர் எதையும் பிடுங்கவில்லை, எடுத்துக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுக்க முடிந்ததற்கான காரணம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இத்தாலி ஒரே நாடான விதத்தில் இருக்கிறது.

முதலில் அக்டோபர் 28 காலையைப் பார்ப்போம். பிரதமர் ஃபாக்டா ஏற்கெனவே ராஜினாமா செய்துவிட்டாலும் பொறுப்பில் நீடித்தார். விடிகாலையில் அமைச்சரவை கூடி, நண்பகலிலிருந்து ராணுவச் சட்டம் என்று முடிவெடுத்தது. மாவட்ட அதிகாரிகளுக்குத் தந்தி பறந்தது. ரோமின் சுவர்களில் அறிவிப்பு ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். நகரைக் காக்கச் சுமார் 28 ஆயிரம் படைவீரர்கள் இருந்தார்கள். எதிரே நின்றவர்களில் பலரிடம் வேட்டைத் துப்பாக்கியும் தடியும்தான். ஃபாக்டா காகிதத்தை எடுத்துக்கொண்டு மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலிடம் போனார். மன்னர் கையெழுத்துப் போடவில்லை. ஒட்டிய அறிவிப்பை மதியத்துக்குள் கிழித்தெடுக்க வேண்டியதாயிற்று.

ஏன் போடவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ராணுவம் சுடுமா என்ற சந்தேகம், உள்நாட்டுப் போர் பயம், பாசிஸ்டுகளோடு நெருக்கமாக இருந்த சித்தப்பா மகன் ஆவோஸ்டா கோமகன் அரியணையைத் தட்டிப் பறித்துவிடுவாரோ என்ற பயம். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கையெழுத்துப் போட மறுக்க அவருக்கு முழு உரிமை இருந்தது என்பதுதான். முசோலினியைப் பிரதமராக்கவும் உரிமை இருந்தது. சட்டப் புத்தகத்தில் ஒரு வரிகூட மீறப்படவில்லை.

அந்தப் புத்தகம் எங்கிருந்து வந்தது? 1848 மார்ச் 4 அன்று, பின்னாளில் இத்தாலியை ஒன்றாக்கிய சார்டினியா-பீட்மாண்ட் அரசின் மன்னர் சார்லஸ் ஆல்பர்ட், ஐரோப்பா முழுக்கக் கலகம் வெடித்திருந்த நேரத்தில், தன் குடிமக்களுக்கு மனமிரங்கி அளித்த சாசனம் அது. எந்தப் பேரவையும் கூடி எழுதியதல்ல. ஆட்சி அதிகாரம் மன்னர் ஒருவருக்கே உரியது என்று 5ஆவது பிரிவு சொல்கிறது. அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும் மன்னரே என்று 65ஆவது பிரிவு. 28ஆவது பிரிவு இன்னும் அழகு: பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் உண்டு, ஆனால் அத்துமீறலை ஒரு சட்டம் அடக்கும். அந்த 'ஆனால்' பின்னாளில் எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதையெல்லாம் எப்படித் திருத்துவது என்று சாசனத்தில் எங்கேயும் இல்லை. என்றென்றைக்குமான சட்டம் என்று முகப்பில் எழுதிவிட்டதால் திருத்தும் வழியைச் சொல்லத் தோன்றவில்லை போலும். விளைவு, சாதாரணப் பெரும்பான்மையில் போடும் எந்தச் சட்டமும் இதை மாற்றலாம் என்றாகிவிட்டது.

1859க்கும் 1861க்கும் நடுவில் இத்தாலி ஒன்றானபோது இந்தச் சாசனம் தெற்கே சிசிலித் தீவு வரை அப்படியே நீட்டப்பட்டது. பீட்மாண்டின் பிரதமர் கவூர் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் புதிய நாட்டுக்குப் புதிய அரசியல் சட்டம், அதை எழுத மக்கள் தேர்ந்தெடுத்த பேரவை என்ற பேச்சே அவருக்கு ஆகாது. அது குடியரசு வேண்டுமென்ற மாஜினியின் கனவு. பாரதியின் பாட்டு வழியாக நமக்கெல்லாம் தெரிந்த அதே மாஜினிதான். 1866இல் மெஸ்ஸீனா மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள்; அவர் மீது கிடந்த மரண தண்டனையைக் காட்டி அந்தத் தேர்வையே செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். ஒருங்கிணைந்த இத்தாலியின் முதல் மன்னர் தன்னை 'இரண்டாம்' விக்டர் இம்மானுவேல் என்றே தொடர்ந்து அழைத்துக்கொண்டார். பீட்மாண்ட் வரிசையில் அவர் இரண்டாமவர். அதாவது புதிதாக ஒரு நாடு பிறக்கவில்லை, பழைய வீட்டுக்குக் கூடுதல் அறைகள் சேர்ந்தன.

மக்களிடம் கேட்டார்களே என்பீர்கள். கேட்டார்கள். 1860 அக்டோபரில் நேப்பிள்ஸில் 'ஆம்' சீட்டுக்கு ஒரு பெட்டி, 'இல்லை' சீட்டுக்கு ஒரு பெட்டி, நடுவில் வாக்குப் பெட்டி. எந்தப் பெட்டிக்குள் கை போகிறது என்று காவலுக்கு நின்றவர்களிலிருந்து வேடிக்கை பார்த்தவர்கள் வரை எல்லோரும் பார்க்கலாம். தெற்கு நிலப்பகுதியில் ஆம் என்றவர்கள் 13 லட்சத்துக்கும் மேல், இல்லை என்றவர்கள் பத்தாயிரம் சொச்சம். படையோடு வந்து தெற்கைப் பிடித்த கரிபால்டி மீது மக்களுக்கிருந்த பாசம் உண்மையானது, அதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு முதல் நாடாளுமன்றத் தேர்தலில் சுமார் 2.2 கோடி மக்களில் ஓட்டுரிமை நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட இல்லை. இணையும்போது எல்லா ஆண்களுக்கும் ஓட்டு, ஆளும்போது பணமும் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும். 1863இல் தெற்கே கொள்ளைக் கூட்டங்களை ஒடுக்குவதாகச் சொல்லி, ராணுவ நீதிமன்றங்களோடு பிக்கா சட்டமும் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு 1922 வரையிலான கதையை வேகமாகத் தாண்டலாம். அறைக்குள் பேசி ஆட்களைப் பிடிக்கும் அரசியல்தான் அதில் பாதி. 1915இல் போருக்குப் போகும் ரகசிய உடன்படிக்கையை மன்னரும் இரண்டு அமைச்சர்களும் முடித்தே விட்டார்கள். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையோர் போர் வேண்டாம் என்ற பக்கம். வேண்டாம் என்ற முன்னாள் பிரதமர் ஜியோலிட்டியின் வீட்டில் சுமார் 300 உறுப்பினர்கள் தங்கள் பெயரட்டையை வைத்து ஆதரவு காட்டினார்கள். போர் வந்தது. 6 லட்சம் பேர் செத்தார்கள்.

'மக்கள் ஓட்டுப் போட்டுத்தானே வந்தான்' என்பவர்களுக்கு: 1919 தேர்தலில் முசோலினிக்கு மிலானில் கிடைத்தது ஐயாயிரத்துக்கும் குறைவான ஓட்டு, பாசிஸ்டுகளுக்கு ஓர் இடம்கூட இல்லை. 1921இல் அவர்களைத் தன் கூட்டணிப் பட்டியலில் சேர்த்து 35 இடங்களோடு சபைக்குள் கூட்டி வந்தவர் அதே ஜியோலிட்டி. அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். வெளியே தொழிற்சங்க அலுவலகங்கள் எரிந்தன, ஆட்களைப் பிடித்து வாயில் விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். 1922 நவம்பரில் அந்த 35 பேரின் தலைவருக்கு 306 உறுப்பினர்கள் நம்பிக்கை வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் 116. இந்தச் சபையை என் ஆட்களின் முகாமாக்கியிருக்க என்னால் முடியும் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன மறுநாளே!

அடுத்த ஆண்டு அசெர்போ சட்டம்: 25 சதவீதம் தொட்டு முதலிடம் வந்தால் மூன்றில் இரண்டு பங்கு இடம். அதுவும் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது. 1924 தேர்தல் வன்முறையைச் சபையில் அடுக்கிப் பேசிய சோசலிஸ்ட் உறுப்பினர் மத்தேயோட்டி, பதினொரு நாளில், ஜூன் 10 அன்று, டைபர் நதிக்கரைச் சாலையில் காரில் இழுத்துப் போடப்பட்டார். உடல் ஆகஸ்டில்தான் கிடைத்தது. எதிர்க்கட்சிகள் சபையைப் புறக்கணித்துவிட்டு, மன்னர் ஏதாவது செய்வார் என்று காத்திருந்தன. எனக்குத் தாங்க முடியாத இடம் இதுதான். 1922இல் கையெழுத்துப் போடாத அதே ஆளை நம்பி உட்கார்ந்திருந்தார்கள்! நம்ப வேறு ஆளில்லை என்பதும் உண்மை. எல்லா அதிகாரமும் அங்கேதானே இருந்தது.

வைமார் ஜெர்மனியைக் காட்டி மடக்குவீர்கள் என்று தெரியும். அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த பேரவைதான் சட்டம் எழுதியது, அதுவும் 14 ஆண்டில் சரிந்தது. சரி, காகிதம் மட்டும் யாரையும் காப்பாற்றாது. ஆனால் 1933இல் முழு அதிகாரத்தையும் தன் கைக்கு மாற்றும் சட்டத்துக்கு ஹிட்லருக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. அதற்காகக் கம்யூனிஸ்ட் உறுப்பினர்களைச் சபைக்கே வரவிடாமல் செய்ய வேண்டியிருந்தது. திருட்டுக்கு ஒரு தடயமாவது மிஞ்சியது. இத்தாலியில் அந்தச் சிரமமும் இல்லை.

1943 ஜூலை 25 அன்று முசோலினியை நீக்கியபோதும் நம்பியிருந்தது அதே 5ஆவது பிரிவைத்தான். மன்னர் கூப்பிட்டு, வேறொருவரை நியமித்தாயிற்று என்றார். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது, ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரே ஆள் இதைச் செய்ய முடிந்திருக்கிறது, 21 ஆண்டுகள் செய்யவில்லை.

1946 ஜூன் 2 வாக்கெடுப்பில் பெண்களும் சேர்ந்து ஓட்டுப் போட்டு முடியாட்சியை முடித்துவைத்தார்கள், அரசியல் நிர்ணய சபையையும் தேர்ந்தெடுத்தார்கள். மாஜினி கேட்டது 85 ஆண்டுகள் கழித்து வந்தது. புதிய சட்டத்தில் முன்னாள் மன்னர்களும் அவர்களின் ஆண் வாரிசுகளும் நாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றே எழுதினார்கள். 2002 வரை அந்தத் தடை இருந்தது. பிறக்காத பேரன்களைத் தண்டிப்பது அநியாயம் என்று அதை விமர்சிப்பவர்கள் உண்டு. சட்டப்படி அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். எனக்கு அதில் பெரிதாக வருத்தம் வரவில்லை.