கணக்கு கேட்கிற ஊர்

ஜனநாயகம் என்று பேச்சு வந்தாலே நம் ஆட்கள் உத்திரமேரூர் கல்வெட்டை எடுத்து வைத்துவிடுகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நாங்கள் ஓட்டுப் போட்டவர்கள் என்கிறார்கள். அந்தக் கல்வெட்டை நிதானமாகப் படித்தால் பெருமை பாதி குறையும், மீதிப் பாதி நம்மைச் சுடும்.

முதலாம் பராந்தகன் காலம். 919-இலும் 921-இலும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள். ஊரில் 30 குடும்புகள், அதாவது இன்றைய வார்டு மாதிரி. ஊர்க் காரியங்களைப் பார்க்கும் குழுவான வாரியத்துக்கு ஆள் எடுக்க, ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றுமறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இது வாக்கெடுப்பு அல்ல, குலுக்கல். பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு இடமில்லை, உழுதவருக்கு இடமில்லை. இதை ஜனநாயகத்தின் தொட்டில் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அதே கல்லில் இன்னொரு விதியும் இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய சித்தி மக்கள், பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன், மைத்துனன் வரை யார் பெயரும் கூடாது. கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவனுக்கும் இடமில்லை. குடத்திலிருந்து வரும் ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே! வாங்கியதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அதிகாரம் கைக்கு வந்தால் மனிதன் என்ன செய்வான் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதிகள் இவை.

ஒரு தலைவர் ஜனநாயகவாதியா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோலும் இதுதான்: ஊர் முன்னால் உட்கார்ந்து கணக்குச் சொல்கிறாரா? அந்த ஊர் ஜனநாயக ஊரா என்பதற்கு: யார் எழுந்து கேட்டாலும் பதில் கிடைக்கிறதா? மேடைப் பேச்சும், எளிமையும், டீக்கடையில் நின்று டீ குடிக்கிற படமும் இந்தக் கணக்கில் சேராது.

இதற்கென்றே நமக்கு ஒரு அமைப்பு இருக்கிறது, கிராம சபை. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். ஏழு நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். இத்தனை பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும் என்கிற குறைவெண் வரம்பும் உண்டு: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

இந்த எண்ணில்தான் முதல் பொய் நுழைகிறது. கூட்டத்துக்கு வந்தவர் நாற்பது பேர், பதிவேட்டில் நூற்றைம்பது கையெழுத்து. மீதியை நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் முந்தின நாளோ மறுநாளோ வாங்கிவிடுகிறார்கள். கையெழுத்து ஒரு பக்கம், தீர்மானம் இன்னொரு பக்கம், நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் பிறகு எது வேண்டுமானாலும் ஏறும், யாரும் பேசாத வேலைக்கு ஒப்புதல்கூட. மோசடிக்குப் பெரிய மூளை தேவையில்லை, நாலு வரி காலி இடம் போதும்.

அடுத்தது படிவம் 30. ஊராட்சியின் வரவு செலவு அறிக்கை அதில்தான் இருக்கும். அதைச் சபை முன் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும், செலவு விவரத்தைப் பேனரில் எழுதி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பல இடங்களில் ஊராட்சிச் செயலர் அதை ஒரே மூச்சில் வாசித்துவிடுவார், காதில் விழுவதற்குள் முடிந்துவிடும். நிறுத்தி, ஒவ்வொரு இனமாக வாசிக்கச் சொல்லலாம். மோட்டார் பழுது என்று ஒரு தொகை இருந்தால் எந்த மோட்டார், எத்தனை முறை, ரசீது எங்கே என்று கேட்கலாம். குழாய், தெருவிளக்கு, குப்பை, பிளீச்சிங் பவுடர் என்று பிரியும் சின்னச் செலவுகளில்தான் கவனம் வேண்டும். பெரிய வேலையை எல்லோரும் பார்ப்பார்கள், சின்ன ரசீதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பெரிய வேலைக்கு எம்-புக் என்கிற அளவுப் புத்தகம். அதில் ஒரு சிமெண்ட் ரோடு 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எழுதியிருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் போயிருக்கிறது. உண்மையான கனம் 10 சென்டிமீட்டர் என்றால் ரோட்டில் இருப்பது 30 கன மீட்டர்தான். மூன்றில் ஒரு பங்கைக் காணோம். ஓரத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஓரத்தில் பலகை அடித்து 15 காட்டிவிட்டு, நடுவில் மண்ணை மேடாக விட்டு மெல்லிசாக ஊற்றுவதுண்டு. போட்டு முடித்தபின் ரோட்டை உடைத்தா பார்க்க முடியும்? ஊற்றுவதற்கு முன், ஓரப் பலகைகளுக்குக் குறுக்கே கயிறு கட்டி நடுவில் அளந்தால் தெரிந்துவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு இது. கேட்க ஆள் இல்லாததுதான் குறை.

ஏன் ஆள் இல்லை? பயம். கேட்கிறவர் யார், எந்தத் தெரு என்று பார்க்கிற ஊர் நம்முடையது. சபையைச் சுழற்சி முறையில் வெவ்வேறு குக்கிராமங்களில் நடத்த வேண்டும், கோயில் வளாகத்தில் நடத்தக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் அதுதான். காலனித் தெருவுக்குக் கூட்டம் போனால் கேள்வியே மாறும், சுடுகாட்டுப் பாதையும் தண்ணீர்த் தொட்டியும் முதல் கேள்வியாக வரும்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளிலும் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. 1996-லிருந்து பத்து வருஷம் முறையான தேர்தலை நடக்கவிடவில்லை, 2006-இல்தான் நடந்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் வென்று வந்த பட்டியல் சாதித் தலைவர் முருகேசனை 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள், உடன் இருந்தவர்களையும் சேர்த்து. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவரான பட்டியல் சாதிப் பெண் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளியே வந்தது. தலைவரே தரையில் இருக்கும் இடத்தில் அவர் யாரிடம் கணக்குக் கேட்பார்? அவர் தெருக்காரர் எப்படி எழுந்து நிற்பார்? 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தது இதைத்தான்: சமூகத்தில் ஜனநாயகம் இல்லாமல் அரசியலில் மட்டும் அது நிலைக்காது. தலைவர்மீது கொள்ளும் பக்தி சர்வாதிகாரத்துக்கு இட்டுச் செல்லும் என்றும் அதே உரையில் சொன்னார். பதவியை ஏலம் விட்டுப் 'போட்டியின்றித் தேர்வு' என்று கொண்டாடுகிற ஊர்களுக்கும் இது பொருந்தும். விலை கொடுத்து வாங்கியவரிடம் கணக்குக் கேட்டால், போட்ட காசை எடுக்க வேண்டாமா என்பார்.

மேலே இருப்பவர்களையும் சும்மா விட முடியாது. ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243E பிரிவு. 2016-இல் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் வந்தது, மீதி ஒன்பதில் 2021 அக்டோபரில். அந்த 27 மாவட்டங்களிலும் 2025 சனவரி 5-இல் காலம் முடிந்ததும், தேர்ந்தெடுத்த தலைவர்களுக்குப் பதில் மறுபடி அரசு அதிகாரிகளான தனி அலுவலர்கள். ஒரு ஒன்றியத்தில் சராசரியாக முப்பதுக்கு மேல் ஊராட்சிகள். அத்தனைக்கும் ஒரே அதிகாரி பொறுப்பென்றால் அவரை எந்தத் தெருவில் நிறுத்திக் கேட்பது? ஆட்சிகள் மாறின, இந்தப் பழக்கம் மாறவில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவைப் பாருங்கள்: தவறு செய்த தலைவரை நீக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம். ஓட்டுப் போட்ட ஊருக்கு அந்த அதிகாரம் இல்லை. இது மாற வேண்டும் என்று எந்தக் கட்சியாவது உரக்கக் கேட்டால் அந்தக் கட்சியை நான் மதிப்பேன்.

ஊர் ஒன்றாக நின்றால் நடக்கும் என்பதற்கு ஒடிசாவின் நியாம்கிரி மலை சாட்சி. அங்கே சுரங்கம் வரலாமா என்கிற முடிவை 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் விட்டது. பன்னிரண்டு சபைகள் கூடின, பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். தீர்மானங்களை அங்கேயே எழுதி, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கடைசித் தீர்மானத்துக்கு அடியில் இடம் விடாமல் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். அந்தக் கோட்டை ஒட்டி உங்கள் கையெழுத்தைப் போட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.