எழுத்துருதானே என்கிறார்

"எழுத்துருதானே, இதற்குப் போய் இவ்வளவு பேச்சா?" நான் வரைந்த எழுத்துருவை (ஃபான்ட்) எனக்குக் காசு கொடுக்காமல் தம் நூலின் அட்டையில் போட்டிருக்கிறார் என்று நான் குறை சொன்ன பதிப்பாளர் நேற்று எழுதிய பதில் இது. இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. தம் நூல்களின் பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது என்று போன மாதம் கொதித்தவரும் இவர்தான். அவர் பக்கம் நியாயம் இருந்ததால் அந்தப் பதிவை நானும் பகிர்ந்தேன். நூலைத் திருடினால் வயிறு எரிகிறது. அட்டையில் நிற்கும் எழுத்தைத் திருடினால் மட்டும் அது ‘தானே’ ஆகிவிடுமா?

அது வேறு எழுத்துரு, பெயரே வேறு என்கிறார். பெயர் வேறுதான். அட்டைத் தலைப்பிலுள்ள ‘நூ’வைப் பெரிதாக்கிப் பாருங்கள். வால் வளையும் இடத்தில் சிறு முடிச்சு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். என் எழுத்துருவின் முதல் பதிப்பில் நான் விட்ட பிழை அது. இரண்டாம் பதிப்பில் திருத்திவிட்டேன். பழைய கோப்பை எடுத்து, பெயரை மாற்றி, பென்டிரைவில் நூற்றுக்கணக்கான எழுத்துருக்களோடு சேர்த்து யாரோ விற்றிருக்கிறார்கள். இவர் வாங்கியிருக்கிறார்.

உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் 36 வடிவங்கள் வரைய வேண்டும். கு ஒரு விதம், து ஒரு விதம், மு ஒரு விதம். ஒன்றின் வாலை வெட்டி இன்னொன்றில் ஒட்ட முடியாது. வேலை முடிந்து வீடு திரும்பி இரண்டு ஆண்டுகள் இரவில் உட்கார்ந்து வரைந்தேன்.

"தமிழ் எழுத்துக்கு உரிமை கொண்டாட நீ யார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ‘ழ’ எல்லோருக்கும் சொந்தம், ஐயா. நான் வரைந்த ‘ழ’ என் உழைப்பு. இதைத்தான் மூன்று நாட்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காசில்லாமல் எழுத்துரு வேண்டுமென்றால் நோட்டோ இருக்கிறது, முக்த மலர் இருக்கிறது. திறந்த உரிமத்தில் தந்திருக்கிறார்கள், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கொடுத்தார்கள். என்னிடமிருந்து எடுத்தார்கள்.

"நீயும் பழைய ஈய எழுத்துகளைப் பார்த்துத்தானே வரைந்தாய்?" ஆமாம், பார்த்தேன். பார்த்துக் கற்றுக்கொள்வதும் கோப்பைத் தூக்கிப் பெயர் மாற்றுவதும் ஒன்றா?

ஈய எழுத்து என்றதும் அப்பா நினைவு வருகிறது. அவர் அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கும் அச்சுக்கோப்பவர். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எப்போதும் கறுத்தே இருக்கும். புது எழுத்து வாங்கினால் முதலாளி எடை போட்டுக் காசு கொடுப்பார். ‘ணை’ தேய்ந்துபோனால் மறுபடி காசு. எழுத்துதானே என்று அன்று எந்த அச்சகக்காரரும் சும்மா தூக்கிக்கொண்டு போகவில்லை. இன்று அது கையில் கனக்கவில்லை, அதனால் விலையும் இல்லை என்று ஆகிவிட்டது.

"அப்படியானால் வழக்குப் போடு" என்பவர்களுக்கு: வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டேன். ‘ஆனந்த எக்ஸ்பாண்டட் இட்டாலிக்ஸ்’ என்ற எழுத்துருவைப் பதிய 2002இல் நம் பதிப்புரிமை வாரியம் மறுத்தது. வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாம், ஆனால் வெளியிடுவதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டுமாம். கோப்பை அப்படியே நகலெடுத்தால் மென்பொருள் என்ற வகையில் வாதாடலாம் என்கிறார் வழக்கறிஞர். வடிவத்தை மட்டும் புதிதாக வரைந்துகொண்டால் என்ன செய்வது என்றேன். உதட்டைப் பிதுக்கினார். பிரிட்டன் தன் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுத்துருவுக்கு 25 ஆண்டுகள் வைத்திருக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் எழுத்துருவுக்கென்று அப்படி எதுவும் வைக்கவில்லை.

இன்று காலை அந்தப் பதிப்பாளர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்: "எவ்வளவு வேண்டும், சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்." பிச்சை கேட்டவனிடம் பேசுகிற தொனி. கண் கலங்கிவிட்டது. விலை என் தளத்தில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. அதைக் கட்டினால் போதும். உங்கள் நூலின் இரண்டாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அட்டை ஓவியம், மெய்ப்பு, அச்சாக்கம் என்று எல்லோர் பெயரும் இருக்கிறது. அடுத்த பதிப்பில் அதற்குக் கீழே ஒரு வரி சேருங்கள். எழுத்துருவின் உண்மைப் பெயரைப் போடுங்கள்.