சப்டிவிஷன் ஏத்தினா கவசம் நெளியறது நிக்காது

பிளெண்டர்ங்கிற 3டி மென்பொருள்ல கவசம் போட்ட உருவத்தை அசைக்கிறதைப் பத்தின பேச்சு இது. "கை மடக்கும்போது கவசம் நெளிஞ்சா சப்டிவிஷன் (பரப்பை இன்னும் சின்னச் சின்னதா பிரிக்கிறது) ரெண்டு லெவல் ஏத்துங்க, சரியாயிடும்"னு மேல ஒரு அண்ணன் சொல்லியிருக்கார். தப்புங்கண்ணா. நெளிசல் வழவழன்னு ஆகும், அவ்வளவுதான். காரணம் வெயிட், அதாவது உருவத்தை அசைக்க உள்ளே வைக்கிற எந்த எலும்போட ஒரு புள்ளி எவ்வளவு நகரணும்ங்கிற அளவு: ஒரே தகட்டோட புள்ளிகள் மேற்கை, முன்கை ரெண்டு எலும்புக்கும் பங்கு போயிருக்கு. இங்க வியாசர்பாடி தம்பி போட்ட பாக்சிங் கார்டு போஸ்ல (முகத்தைக் காக்க ரெண்டு கையையும் மடக்கி வைக்கிற நிலை) முழங்கை முழுசா மடங்குது, அதான் அங்க பளிச்சுன்னு தெரியுது.

பிளெண்டர்ல எடிட் மோட் (புள்ளிகளைத் திருத்துற நிலை) போய், தகட்டு மேல கர்சரை வச்சு எல் (L) கீயை அழுத்துங்க; மத்த தகடோட ஒட்டாம இருந்தா அது மட்டும் முழுசா தேர்வாகும். முதல்ல எல்லா வெர்டெக்ஸ் குரூப்லேர்ந்தும் (ஒவ்வொரு எலும்புக்கும் உள்ள புள்ளிகளோட வெயிட் பட்டியல்) அதை நீக்குங்க. அப்புறம் முன்கை குரூப்புக்கு மட்டும் 1.0 அசைன் பண்ணுங்க. நிறைய பேர் நீக்காமலே அசைன் பண்றாங்க. மேற்கை குரூப்புல பழைய 0.4 வெயிட் அப்படியே உக்காந்திருந்தா தகடு மறுபடியும் வளையும்.

தோள் தகடுதான் பெரிய தலைவலி. மேற்கையோட கட்டினா கையைத் தூக்கும்போது கழுத்துல குத்தும். காரை எலும்புக்குப் பிள்ளையா (அது நகர்ந்தா கூடவே நகரும்படி), மேற்கை எலும்பு இருக்கிற அதே திசையில தனி எலும்பு ஒண்ணு போட்டு, தகட்டை அதுக்கு 1.0 கொடுங்க. அந்த எலும்புக்கு மேற்கையைப் பார்த்து காப்பி ரொட்டேஷன் (இன்னொரு எலும்போட சுழற்சியை அப்படியே எடுத்துக்கிற அமைப்பு) போடுங்க; மேற்கை, புது எலும்பு ரெண்டுக்கும் லோக்கல் ஸ்பேஸ் (எலும்போட சொந்த அச்சு), இன்ஃப்ளுயன்ஸ் (எவ்வளவு பங்கு எடுக்கணும்ங்கிறது) 0.5. கை 80 டிகிரி ஏறினா தகடு சுமார் 40தான் ஏறும். தோல் வாருக்கும் துணிக்கும் மட்டும் உடம்போட வெயிட்டை டேட்டா டிரான்ஸ்ஃபர்ல (ஒரு பொருளோட வெயிட்டை இன்னொண்ணுக்கு நகலெடுக்கிற வசதி) எடுத்துக்கோங்க.