எக்ஸ்ரே பட்ட உப்பில் கதிர்வீச்சு தங்காது

"எக்ஸ்ரே மெஷினில் சோதித்த உப்பில் கதிர்வீச்சு ஏறிவிடும், வாலிநோக்கம் பக்கத்து உப்பை வாங்காதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், வெயிலில் நின்று உப்பு வாருகிறவர்களின் பிழைப்பைக் கெடுக்கிற பேச்சு இது.

அந்த மெஷின், உப்பில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்கிற எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் கருவி. கொஞ்சம் உப்பைப் பொடித்துச் சின்னத் தட்டுகளில் நிரப்பி வைத்தால், தானே ஒவ்வொரு தட்டாக எடுத்து, கதிர் எந்தக் கோணத்தில் தெறித்து வருகிறது என்று பதிவு செய்யும். ஒவ்வொரு பொருளும் கதிரைத் தனக்கே உரிய கோணங்களில் தெறிக்க வைக்கும். செம்பு டியூப் போட்ட கருவியில் சாப்பாட்டு உப்பு 31.7 டிகிரியிலும், பாத்தியில் அதற்கு முன்பே படிகிற ஜிப்சம் என்கிற கால்சியம் கனிமம் 11.6 டிகிரியிலும் தெரியும். கதிரின் ஆற்றல் சுமார் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான், அணுக்கருவை மாற்ற அது போதவே போதாது. டார்ச்சை அணைத்த பிறகு சுவரில் வெளிச்சம் நிற்குமா? அப்படித்தான் இதுவும். சோதித்த பொடி மூட்டைக்குத் திரும்புவதும் இல்லை.

1913-லேயே இயற்பியலாளர் லாரன்ஸ் பிராக் இதே முறையில்தான் உப்பின் அணு அடுக்கைக் கண்டுபிடித்தார், 1915-ல் அப்பாவோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார்.

அப்புறம், அயோடின் சரியாக இருக்கிறதா என்பதை இந்தக் கருவி சொல்லாது, அளவு அவ்வளவு குறைவு. அதற்கு வேதிச் சோதனைதான்.