ஸ்கிரீன எரிய விட்டதாலதான் போச்சாம்

இன்னொரு தடவ யாராச்சும் எங்கிட்ட வந்து "ஸ்கிரீன எந்நேரமும் எரிய விட்டா செட்டு போயிரும்"னு சொன்னீங்க, நல்லா வாங்கிக் கட்டிக்குவீங்க, இப்பவே சொல்லிட்டேன்.

கடலுக்கு மீன் புடிக்கப் போற தம்பி, எங்க நிக்கிறோம்னு பாக்க வச்சிருக்க கையடக்க ஜிபிஎஸ், ரெண்டு பென்சில் பேட்டரி போடுறது, நாலு நாளா உசுரில்லாம கெடக்கு. காலைல தங்கச்சிமடத்துல பஸ் ஏறி ராமநாதபுரம் போனேன். எந்தக் கடைன்னு கேக்காதீங்க. ஒரு மணி நேரம் நிக்க வச்சுட்டு அப்புறம் கையில வாங்குனாரு. பட்டன ஒரு அமுக்கு அமுக்குனாரு. வரல. திருப்பிப் பாத்தாரு, தொறக்கல, சும்மா திருப்பிப் பாத்தாரு. "ராத்திரி பூரா ஸ்கிரீன் எரியுமாக்கா?" ஆமான்னேன். "அதான்க்கா. டிஸ்ப்ளே எரிஞ்சு போச்சு."

மூடியவே தொறக்காம எப்பிடித் தம்பி சொல்றீங்கன்னு கேட்டேன். பதினஞ்சு வருஷமா இதான் தொழிலாம், பாத்தாலே தெரியுமாம். சரி, டிஸ்ப்ளே மட்டும் போயிருந்தா பட்டன அமுக்கையில பீப் சத்தமாச்சும் வரணும்ல, அதுவும் வரலயேன்னேன். அதுக்கு எனக்குப் பதில் இல்ல, பக்கத்துல நின்ன பையனப் பாத்து "எரிய விட்டுட்டு நம்மகிட்ட வந்து நிப்பாங்கடா"ங்கிறாரு. என்னய வச்சுக்கிட்டே! டிஸ்ப்ளே மாத்த 4,000 ஆகும், பேசாம புதுசு வாங்கிக்கங்கன்னு நீட்டுனாரு பாருங்க, அங்கனயே கவுண்டர் மேல வச்சு ஒரு ரூவா காசால பின்மூடியத் திருகித் தொறந்தேன். உள்ள ஸ்பிரிங் பூரா பச்சக் களிம்பு. உப்புத்தண்ணி எறங்கி, பேட்டரி தொடுற தகடே தெரியாத அளவுக்கு அப்பிக் கெடக்கு. மூடிய சுத்தி இருக்க ரப்பர் ஒரு எடத்துல வெடிச்சிருக்கு. காட்டுனேன். "ஸ்கிரீன் சூட்டுல அப்பிடித்தான்க்கா வரும்"ங்கிறாரு! சூட்டுல எங்கயாச்சும் களிம்பு பூக்குமா? கடக்கரையில பொறந்து ஆணி, பூட்டு, ஜன்னல் கம்பின்னு உப்பு தின்ன அத்தனையும் பாத்தவகிட்ட வந்து சொல்ற பேச்சா அது?

வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழத்த அறுத்து பழைய பல்லு பிரஷ்ல தொட்டுத் தேச்சேன், ஈரத்துணியால தொடச்சு நல்லா காய விட்டு புது பேட்டரி போட்டேன். பீப்புன்னுச்சு. படம் பளிச்சுன்னு வந்துச்சு. எரிஞ்சு போன டிஸ்ப்ளே!

கேட்டுக்கங்க. ஓஎல்இடி போன்ல அந்தப் பயம் நெசம். அதுல ஒவ்வொரு புள்ளியும் தானா எரியுறது, எரிய எரிய மங்கும், அதுலயும் நீலந்தான் முதல்ல தளரும். ஒரே படத்த மாசக்கணக்கா நிறுத்தி வச்சா மேல இருக்க கடிகாரமும் சிக்னல் கட்டமும் நெழலா அப்பிடியே படிஞ்சு நிக்கும், அது போகாது. ஆனா தம்பி வச்சிருக்கது எல்சிடி. அது தானா எரியாது, பின்னாடி இருக்க சின்ன எல்இடி விளக்குதான் எரியுது, அதுக்கு ஆயுசு பல்லாயிரம் மணி நேரம். ராத்திரிக்கு 12 மணி நேரம்னு வருஷத்துல 200 ராத்திரி எரிஞ்சாலும் 2,400 மணி நேரந்தான் கணக்கு. பேட்டரி சீக்கிரம் எறங்கும், அத நான் இல்லங்கல. அதுக்கும் செட்டிங்ல பின்விளக்க மட்டும் அணைச்சுக்கலாம், பகல்ல வெயில் வெளிச்சத்துலயே படம் தெரியும். டப்பாவுல ஐபிஎக்ஸ்7னு போட்டிருக்கது ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்ங்கிற கணக்கு, ரப்பர் வெடிச்சா அந்தக் கணக்கும் போச்சு. பாக்க வேண்டியது அந்த ரப்பரத்தான்யா!

இந்தப் பேச்சு கடலுக்குள்ள என்ன பண்ணுதுன்னு கடையில உக்காந்திருக்கவருக்குத் தெரியாது. போன மாசம் எவனோ இதே கதைய தம்பிகிட்டயும் சொல்லியிருக்கான். இவன் செட்டு போயிருமேன்னு பயந்து, வலைய விட்டுட்டு மெஷினையே ஆஃப் பண்ணி வச்சிருக்கான். ராத்திரி, நிலா இல்ல, நீரோட்டம் கெழக்க இழுக்குது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல மொத்தமே சுமார் 30 கிலோமீட்டர், அதுக்குள்ள 1974லயும் 1976லயும் இந்தியாவும் இலங்கையும் பேசிப் போட்ட கடல் எல்லைக் கோடு. தண்ணி மேல அந்தக் கோட்ட யாரு பாத்தா? அந்தச் சின்ன ஸ்கிரீன்ல மட்டுந்தான் தெரியும். திரும்ப ஆன் பண்ணி சேட்டிலைட் புடிச்சுப் பாத்தா கோட்டுக்கிட்டயே நிக்கிறானுக. வலைய அள்ளிக்கிட்டு எப்பிடித் திரும்புனோம்னே தெரியலக்கான்னு மறுநா சொல்லையில அவன் கை நடுங்குச்சு. தாண்டியிருந்தா? படகும் போயிருக்கும், இவனும் அங்க ஜெயில்ல கெடந்திருப்பான், அம்மா கலெக்டர் ஆபீசு வாசல்ல மனுவோட நின்னிருக்கும். இந்த ஊர்ல எத்தன அம்மாக்கள் அப்பிடி நின்னதப் பாத்திருக்கேன். 4,000 ரூவா டிஸ்ப்ளேயக் காப்பாத்த எந்தம்பிய மெஷின அணைச்சு வைக்கச் சொல்றியா நீ?

எரியட்டும்டா, விடிய விடிய எரியட்டும், பேட்டரி நான் வாங்கித் தாரேன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

இதுல திரும்பி வரையில பாம்பன் பாலத்துல முக்கா மணி நேரம் பஸ் நகரல. நட்டநடுப் பாலத்துல கார நிறுத்திட்டு எறங்கி, ரயில் பாலத்தப் பாத்து போட்டோ எடுக்குறாங்க. பஸ்ஸுக்குள்ள புழுக்கத்துல ஒரு கைக்கொழந்த வீறிடுது, டிரைவர் ஹாரன் அடிச்சா திரும்பி அவர மொறைக்கிறாங்க. ஏங்க, அது நாங்க ஆஸ்பத்திரிக்குப் போற ரோடுங்க, உங்க வீட்டு மொட்டமாடி இல்ல!