நெற்றியில் திருநீறு இருந்தால் நியூட்டன் கோபித்துக்கொள்வாரா?

அந்த மீமை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பி.எஸ்.எல்.வி. ராக்கெட் மூன்றாம் நிலையில் அழுத்தம் குறைந்து தோற்றதற்கும், ஏவுவதற்கு முன் இஸ்ரோ தலைவர் திருமலைக்குப் போனதற்கும் முடிச்சுப் போட்டிருந்தார்களே, அதுதான். எனக்கும் சிரிப்பு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் என் பழைய மாணவர் ஒருவர் அதில் என் பெயரையும் இணைத்து, "டீச்சர், திருநீறு பூசிக்கொண்டு நீங்கள் நடத்திய நியூட்டன் விதிகளை எப்படி நம்புவது?" என்று கேட்டிருக்கிறார். கீழே சிரித்துவைத்திருப்பவர்களில் பாதிப் பேர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். சந்தோஷம்.

நியூட்டன் விதிகள் யார் நெற்றியையும் பார்ப்பதில்லை, தம்பி. நியூட்டனே இயற்பியலைவிட பைபிளையும் இறையியலையும் பற்றித்தான் அதிகப் பக்கங்கள் எழுதிக் குவித்தார். அதனால் விசையும் முடுக்கமும் பொய்த்துப்போகவில்லை.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். விஞ்ஞானி கோயிலுக்குப் போகலாம். அவருடைய கணக்குக்குள் கோயில் வரக் கூடாது. 2019இல் சந்திரயான்-2 கிளம்புவதற்கு முன்பும் திருமலைக்குப் போனார்கள். அதன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் மோதி நொறுங்கியது. 2023இலும் சந்திரயான்-3இன் சிறிய மாதிரியை எடுத்துக்கொண்டு அதே திருமலைக்குப் போனார்கள். ஆகஸ்ட் 23 அன்று அது நிலவில் பத்திரமாக இறங்கியது. சாமி அதே சாமிதான். மாறியவை எவை? ஐந்து எஞ்சின்கள் நான்காயின. கால்கள் வலுவாயின. 500 மீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரிந்தது. எரிபொருள் கூடியது, மென்பொருள் திருத்தப்பட்டது. வேண்டுதல் போதவில்லை, அடுத்த முறை முடி காணிக்கையும் சேர்த்துக்கொள்வோம் என்று ஆய்வுக் குழு எதுவும் எழுதிவைக்கவில்லையே! எழுதியிருந்தால் உங்களுக்கு முன்னால் நான் கொடி பிடித்திருப்பேன்.

உடனே ஒருவர் அரசியல் சாசனத்தோடு வருவார். 51ஏ(எச்) பிரிவு அறிவியல் மனப்பான்மையைக் கடமையாக்கியிருக்கிறதே, அரசு நிறுவனத்தின் தலைவர் பதவியின் பெயரில் ஒரு மதத்தின் கோயிலுக்கு மட்டும் போகலாமா என்பார். கேட்க வேண்டிய கேள்விதான். தனி மனிதராகப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரி, மேலே போவோம்.

"மதம் எப்போதுமே அறிவியலின் எதிரி" என்பதைத்தான் என்னால் சும்மா விட முடியாது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலியோவைத் திருச்சபை 1633இல் என்ன செய்தது என்று எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். உங்களுக்கு அதை எடுத்தவளே நான்தான். ஆனால் பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதிய லெமெய்த்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்பதையும் அதே வகுப்பில்தான் சொன்னேன். அது மட்டும் மறந்துவிட்டது போலும். 1951இல் போப்பாண்டவரே அந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துப் பேசியபோது, முகம் சுளித்தவர் அதே பாதிரியார்தான். பூசையும் செய்தார், சமன்பாடும் போட்டார், இரண்டையும் குழப்பவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? கேரளத்துத் தும்பாவில் முதல் ராக்கெட் கிளம்பியது 1963இல். அதற்கு இடம் தேடியபோது, ஆயர் தம் மக்களைக் கேட்டு மகதலேனா மரியாள் தேவாலயத்தையே ஒப்படைத்தார். மீனவர்கள் கும்பிட்ட கோயிலில் உட்கார்ந்துதான் இந்திய ராக்கெட் வளர்ந்தது. இதற்கு மீம் போட ஆளில்லை.

2019 டிசம்பர் 26, வளைய சூரிய கிரகணம். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி நிறுத்தியிருந்தேன். இலை இடுக்குகளில் விழுந்த வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் மண்ணில் சின்னச் சின்ன வளையல்களாக மாறின. ஒரு பெண் குழந்தை அதைக் கையில் ஏந்திப் பார்த்தது. உள்ளே என் மாமியார் தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பை போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஜபம் செய்துகொண்டிருந்தார். கடைசி வரை வெளியே வரவில்லை. நானும் உள்ளே போய் அவர் தர்ப்பையைப் பிடுங்கி எறியவில்லை. எறிந்திருக்க வேண்டும் என்கிறீர்களா? எறிந்து பாருங்கள், உங்கள் வீட்டில்.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, டீச்சரே சொல்லிவிட்டார்" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கைதட்டக் கிளம்புகிறவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். 2015இல் மும்பை அறிவியல் மாநாட்டில் வேத கால விமானம் ஓட்டியவர்கள், 2019இல் ஜலந்தரில் கௌரவர்களைச் சோதனைக் குழாய்க் குழந்தைகளாக்கியவர்கள் எல்லாம் உங்கள் ஆட்கள்தான். என் சாமிக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. நான் கும்பிடுவது மனம் அடங்குவதற்கு. கோள்கள் எப்படிச் சுற்றுகின்றன என்று தெரிந்துகொள்ள அல்ல.

தம்பிக்கு ஒரு வார்த்தை. செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் வெர்னியர் அளவியில் சுழிப்பிழை பார்க்கத் தெரியாமல் நீ விழித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது இதே திருநீற்று நெற்றிதான். அன்று நம்பிக்கைக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. போன வருடம் உன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டாய். விடியற்காலை நான்கரையிலிருந்து ஆறுக்குள் சுப முகூர்த்தம் என்று பத்திரிகையில் அச்சடித்திருந்தாய். ஓமப் புகையில் கண் எரிய எரிய உட்கார்ந்திருந்தாய், நானும் பக்கத்தில் இருந்தேன். கட்டடத்தின் உறுதிக்கு இன்ஜினீயரை நம்பினாயா, ஐயரை நம்பினாயா என்று நான் ஒரு வார்த்தை கேட்டேனா?